எந்த டயர், எவ்வளவு உயரம்? பினாங்கு ஃபோர் பை ஃபோர் ஓட்டுநர்களுக்கு

ஃபோர் பை ஃபோர் வாங்கிச் சில மாதம் ஆனதும் பலர் பட்டறை வாசலில் நின்று கேட்பது இதைத்தான்: "அண்ணே, ரெண்டு இஞ்ச் தூக்கலாமா, மூணு இஞ்ச் தூக்கலாமா?" விவரமான மெக்கானிக் அதற்கு உடனே பதில் சொல்வதில்லை. "தம்பி, வண்டிய எங்க ஓட்டப் போற? மொதல்ல அதச் சொல்லு" என்பார். அவர் கேட்பதுதான் சரியான கேள்வி.

எந்தப் பாதையில் ஓட்டப் போகிறோம் என்பதைப் பார்த்து டயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த டயர் உரசாமல் சுழலவும், நாம் ஏற்றும் சுமையை வண்டி தாங்கவும் எவ்வளவு உயரம் தேவையோ அவ்வளவு மட்டும் தூக்க வேண்டும். முதலில் உயரத்தை முடிவு செய்துவிட்டு, அதற்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று பெரிய டயர் வாங்கி, கடைசியில் பாதை தேடிப் போகிறவர்கள் பணத்தையும் இழக்கிறார்கள், வண்டியின் நிலைத்தன்மையையும் இழக்கிறார்கள். குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போகும் வண்டி இது. ஆகவே இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

முதலில் பாதை

பினாங்கில் இருப்பவரின் வண்டி பொதுவாக நான்கு வகைப் பாதைகளில் ஓடுகிறது. ஒரு மாதத்தில் எந்தப் பாதையில் எத்தனை கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள்.

ஒன்று, நகரமும் பாலமும். 2021 முதல் கார்களை ஃபெரியில் ஏற்ற முடியாது. தீவிலிருந்து பெருநிலத்துக்குப் போக 1985-ல் திறந்த 13.5 கிலோமீட்டர் பாலம், 2014-ல் திறந்த 24 கிலோமீட்டர் பாலம் இரண்டில் ஒன்றில்தான் போக வேண்டும். கடலுக்கு மேலே பக்கவாட்டில் அடிக்கும் காற்றை உயரமான வண்டி நன்றாகவே உணரும். ஜோர்ஜ்டவுனுக்குள் வேறு சிக்கல்கள். லிட்டில் இந்தியாவின் குறுகலான தெருக்களில் திரும்பும் வட்டம் முக்கியம். பேரங்காடிகளின் அடுக்கு வாகன நிறுத்தத்தில் தலைக்கு மேலே தொங்கும் உயரத் தடுப்பு முக்கியம். ரூஃப் ரேக் மாட்டி, இரண்டு இஞ்ச் தூக்கி, பெரிய டயரும் போட்ட ஹைலக்ஸின் மொத்த உயரம் 2 மீட்டரை எளிதில் எட்டிவிடும். உங்கள் அலுவலகமோ அடுக்குமாடியோ வைத்திருக்கும் தடுப்பின் உயரத்தை இன்றே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு, தீவின் மலைப்பாதைகள். பாலேக் பூலாவ் பக்கத்து டுரியான் தோட்டங்களுக்கு ஏறும் வழிகள் பெரும்பாலும் குறுகலான சிமெண்டுப் பாதைகள். சரிவு கடுமை, வளைவு நெருக்கம், மழைக்காலத்தில் பாசி. இங்கே வண்டியின் அடிவயிறு தட்டுவது அரிது. வண்டியின் அகலமும், லோ கியரும், ஈரச் சிமெண்டில் டயர் பிடிக்கும் பிடியும்தான் காரியத்தை முடிக்கின்றன. பழைய சுஸுக்கி ஜிம்னிகளைத் தோட்டக்காரர்கள் விடாமல் வைத்திருப்பதற்கு அவற்றின் ஒடுக்கமான உடலும் குறைந்த எடையுமே காரணம். தண்ணீர்மலைப் பக்கம் தாவரவியல் பூங்கா அருகிலிருந்து கொடிமலைக்கு ஏறும் ஏறத்தாழ 5 கிலோமீட்டர் ஜீப் பாதையும் இதே இனம்தான். அதில் அனுமதி பெற்ற வாகனங்கள் மட்டுமே போகலாம். மற்றவர்கள் நடந்து ஏறலாம். 2017 நவம்பர் புயல் மழையில் கொடிமலையில் பல இடங்களில் நிலம் சரிந்ததைப் பினாங்கு மறக்கவில்லை. சரியும் மலைக்கு முன்னால் எந்த டயரும் உதவாது. தொடர் மழைக்குப் பிறகு மலைப்பாதையில் ஏறாமல் இருப்பதே பாதுகாப்பு.

மூன்று, பெருநிலத்தின் தோட்டச் சாலைகள். நிபோங் திபால், சுங்கை பாக்காப் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டங்களுக்குள் ஓடும் செம்மண் சாலைகள் சமதளமானவை. லாரி ஓடிய தடங்களில் குழி விழும். இருபுறமும் சாக்கடை ஓடும். ஃபேக்டரி உயரத்தில் இருக்கும் பிக்கப், தாருக்கும் மண்ணுக்கும் பொதுவான நல்ல ஏடி டயரோடு இங்கே வருடம் முழுவதும் ஓடலாம்.

நான்கு, காடு. கூலிம் தாண்டி சுங்கை செடிம், மேலே கெடாவின் காட்டுப் பகுதிகள், பேராவின் கிரிக், கிளந்தானின் குவா மூசாங், லோஜிங் என்று மரம் ஏற்றும் லாரிகள் போன வழிகள். களிமண், முழங்கால் ஆழத் தடங்கள், சரிந்த பாலம், ஆற்றுக் கடப்பு எல்லாம் உண்டு. வனக் காப்பகத்துக்குள் நுழைய வன இலாகாவின் அனுமதி தேவை. உயரமும் பெரிய டயரும் உண்மையிலேயே உழைத்துச் சம்பாதிக்கும் இடம் இது ஒன்றுதான்.

உங்கள் தாளில் நான்காவது வகை வருடத்துக்கு ஓரிரு முறைதான் என்றால், அந்த ஓரிரு முறைக்காக மீதி நாட்களின் பாதுகாப்பைக் குறைத்துவிடக் கூடாது.

டயர் தூக்குவது வேறு, ஸ்பிரிங் தூக்குவது வேறு

கல்லில் இடிபடுவது வண்டியின் எந்தப் பகுதி என்று குனிந்து பாருங்கள். பிக்கப்பின் பின்பக்கத்தில் இரண்டு சக்கரங்களுக்கு நடுவே பூசணிக்காய் அளவில் தொங்கும் டிஃபரென்ஷியல்தான் பெரும்பாலும் தரைக்கு மிக அருகில் இருக்கும். அது அச்சோடு சேர்ந்தது. ஸ்பிரிங்கை உயர்த்தினால் அச்சுக்கு மேலே இருக்கும் சட்டமும் உடலும் உயரும். டிஃபரென்ஷியல் இருந்த இடத்திலேயே இருக்கும். அதைத் தரையிலிருந்து தூக்கக்கூடியது டயர் ஒன்றே. அதுவும் பாதிக் கணக்கில்தான்: டயரின் விட்டம் 50 மி.மீ. கூடினால் அச்சு 25 மி.மீ. உயரும்.

அப்படியானால் ஸ்பிரிங் லிஃப்ட் எதற்கு? மூன்று காரணங்கள். பெரிய டயர் மேலே ஏறி இறங்கும்போது ஃபெண்டரில் உரசாமல் இடம் கிடைக்கும். ஏறும்போது முன் பம்பரும், மேட்டைக் கடக்கும்போது நடுவயிறும், இறங்கும்போது பின் பம்பரும் இடிக்காமல் கோணங்கள் கூடும். வின்ச், புல் பார், கேனப்பி என்று நிரந்தரமாக ஏறிய எடையால் தொய்ந்த வண்டி நிமிரும். மூன்றாவது காரணம் பலருக்கு நினைவிலேயே வருவதில்லை. ஆனால் பட்டறைக்கு வரும் பல வண்டிகளுக்கு உண்மையான தேவை அதுதான்.

கோணத்தைப் பொறுத்தவரை வண்டிக்கு வண்டி நிலைமை வேறு. இப்போதைய மூன்று கதவு ஜிம்னி ஃபேக்டரியிலிருந்தே 210 மி.மீ. தரை இடைவெளி, முன்னால் 37 டிகிரி, நடுவில் 28 டிகிரி, பின்னால் 49 டிகிரி என்று வருகிறது. நீண்ட பிக்கப்புக்கு இந்தக் கோணங்கள் எட்டாது. இரண்டு அச்சுகளுக்கிடையே தூரம் அதிகம் என்பதால் அதன் நடுவயிறு முதலில் தட்டும். ஜிம்னிக்குத் தேவைப்படாத லிஃப்ட் ஹைலக்ஸுக்குத் தேவைப்படலாம். நண்பரின் வண்டியைப் பார்த்து உங்கள் வண்டிக்கு ஆர்டர் கொடுக்காதீர்கள்.

டயரின் எண்களைக் கணக்குப் போடுங்கள்

டயரின் பக்கச் சுவரில் 265/65ஆர்17 என்று இருந்தால், அகலம் 265 மி.மீ.; சுவரின் உயரம் அதில் 65 சதவீதம்; ரிம் 17 இஞ்ச். சுவர் உயரம் 172 மி.மீ. அதை இரண்டால் பெருக்கி, ரிம்மின் 432 மி.மீ.யைக் கூட்டினால் மொத்த விட்டம் 776 மி.மீ. இந்தக் கணக்கை நீங்களே போடப் பழகிவிட்டால் கடைக்காரர் சொல்லும் எந்த அளவையும் நின்ற இடத்திலேயே சரிபார்க்கலாம்.

265/65ஆர்17 அளவோடு வந்த பிக்கப்புக்கு:
265/70ஆர்17 போட்டால் விட்டம் 803 மி.மீ. அச்சு 13 மி.மீ. உயரும். வேகம் 3.4 சதவீதம் கூடும்.
285/70ஆர்17 போட்டால் விட்டம் 831 மி.மீ. அச்சு 27 மி.மீ. உயரும். வேகம் 7 சதவீதம் கூடும்.

195/80ஆர்15 அளவோடு வந்த ஜிம்னிக்கு (விட்டம் 693 மி.மீ.):
215/75ஆர்15 போட்டால் விட்டம் 704 மி.மீ. அச்சு 5 மி.மீ. உயரும். வேகம் 1.5 சதவீதம் கூடும்.
235/75ஆர்15 போட்டால் விட்டம் 734 மி.மீ. அச்சு 20 மி.மீ. உயரும். வேகம் 5.8 சதவீதம் கூடும்.

'வேகம் கூடும்' என்பதன் பொருளைக் கவனியுங்கள். மீட்டர் சரியாகக் காட்டிக்கொண்டிருந்த வண்டியில் 285/70 போட்டபின், முள் 110-ல் நிற்கும்போது வண்டி ஏறத்தாழ 118-ல் ஓடும். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையின் 110 வரம்பைத் தெரியாமலே தாண்டிவிடுவீர்கள். ஓடோமீட்டரும் குறைத்துக் காட்டும் என்பதால் எண்ணெய் மாற்ற வேண்டிய தூரமும் தள்ளிப்போகும்.

இன்னொரு விளைவு இழுவையில் தெரியும். பெரிய சக்கரத்தைச் சுழற்ற இன்ஜினுக்குக் கூடுதல் வேலை. எல்லா கியரும் ஒரு படி உயர்ந்ததாகிவிடும். 7 சதவீத விட்ட உயர்வு என்பது சக்கரத்தில் கிடைக்கும் இழுவிசையில் ஆறு, ஏழு சதவீத இழப்பு. டர்போ டீசல் பிக்கப் இதைச் சமாளித்துவிடும். 1.5 லிட்டர் பெட்ரோல் ஜிம்னி பாலேக் பூலாவ் ஏற்றத்தில் நான்கு பேரோடு திணறும். இறக்கத்திலும் இன்ஜின் பிரேக்கின் பிடி அதே அளவு குறைகிறது. டுரியான் மூட்டைகளோடு கீழே இறங்குபவர் இதைக் கட்டாயம் கணக்கில் எடுக்க வேண்டும்.

டயரின் சுமை எண்ணையும் பாருங்கள். 112 என்று இருந்தால் அந்த டயர் 1,120 கிலோ தாங்கும். புதிய டயரின் எண் பழையதைவிடக் குறையக் கூடாது. தயாரிப்புத் தேதி நான்கு இலக்கமாக இருக்கும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். 'புத்தம் புது' என்று விற்கப்படும் டயர் கடையில் எத்தனை வருடம் கிடந்தது என்பதை அந்த நான்கு எண்களே சொல்லிவிடும்.

ஐந்தாவது டயரை மறக்காதீர்கள். ஸ்பேரும் அதே அளவாக இருக்க வேண்டும். பார்ட் டைம் ஃபோர் வீல் வண்டியில் ஒரு சக்கரம் மட்டும் சிறியதாக இருந்து, ஃபோர் வீலில் போட்டு ஓட்டினால் டிரைவ் லைன் முறுக்கேறிப் பாகங்கள் தேயும், உடையவும் செய்யும். பிக்கப்பின் அடியில் ஸ்பேர் தொங்கும் இடத்தில் 285/70 நுழைகிறதா என்று வாங்குவதற்கு முன்பே அளந்து பாருங்கள்.

பூவும் அகலமும்

டயரின் பூ மூன்று வகை. எச்டி தார்ச் சாலைக்கானது. எம்டி சேற்றுக்கானது. ஏடி இரண்டுக்கும் நடுவில். பினாங்கில் மழை குறையும் மாதங்கள் சிலவே. தார்ச் சாலை ஈரமாக இருக்கும் நாட்கள் ஏராளம். எம்டி டயரின் பெரிய கட்டிகளுக்கிடையே வெற்றிடம் அதிகம். தாரைத் தொடும் ரப்பர் குறைவு. ஈரத் தாரில் அது நிற்க எடுக்கும் தூரம் கூடும். பாயா தெருபோங்கிலிருந்து பாலேக் பூலாவுக்கு இறங்கும் துன் சார்டோன் சாலையின் வளைவுகளில் மழையோடு இறங்குபவருக்கு இந்த வித்தியாசம் உயிர் விஷயம். முதல் மூன்று வகைப் பாதையில் ஓடுகிறவர்களுக்கு ஏடிதான் என் பரிந்துரை. அதில் எனக்கு இரண்டாவது யோசனை இல்லை.

செம்மண் களியில் என்ன நடக்கிறது என்று பக்கத்தில் நின்று பார்த்தால் எம்டியின் வேலை விளங்கும். ஏடி டயர் ஒரு சுற்று சுற்றியதும் அதன் நெருக்கமான பள்ளங்களில் களி அப்பிக்கொள்ளும். இரண்டாவது சுற்றில் பூவே தெரியாது. சிவந்த வழவழப்பான உருளையாக அது சும்மா சுழலும். எம்டியில் பள்ளம் அகலமாக இருப்பதால், சக்கரம் சற்று வேகமாகச் சுழன்றதும் களி கட்டி கட்டியாகத் தெறித்து வெளியேறி, விளிம்புகள் மறுபடி மண்ணைக் கடிக்கும். காட்டுக்கு மாதம் ஒருமுறையாவது போகிறவருக்கு இந்தப் பலன் கிடைக்கும். நம் பக்கத்திலேயே, தைப்பிங்கை அடுத்த கமுந்திங்கில் உருவான சில்வர்ஸ்டோன் நிறுவனத்தின் எம்டி 117 வரிசை டயர்கள் இந்தச் சேற்றுக்காகவே பெயர் பெற்றவை. 2010-ல் அந்த நிறுவனத்தை ஜப்பானின் டோயோ வாங்கியது.

அகலம் கூடினால் பிடி கூடும் என்று பலர் நம்புகிறார்கள். நம் காட்டுப் பாதைகளில் மேலே ஒரு சாண் சேறு, கீழே கெட்டி மண் என்ற அமைப்பே அதிகம். ஒடுக்கமான உயர டயர் சேற்றை வெட்டிக் கீழே போய் கெட்டி மண்ணைப் பிடிக்கிறது. அகலமான டயர் மேலேயே மிதந்து வழுக்குகிறது. 1993-ல் சபாவின் மாலியாவ் பள்ளத்தாக்கு வரை போன கேமல் டிராபி பயணத்தின் லேண்ட் ரோவர் டிஸ்கவரிகள் உயரமான, ஒடுக்கமான டயர்களில்தான் ஓடின. அகலம் பலன் தருவது மணலிலும் அடி இல்லாத சதுப்பிலும். பினாங்கிலிருந்து போகிறவருக்கு இரண்டும் அபூர்வம். ஆகவே 265/65-க்குப் பதிலாக வாங்குவதென்றால், அதே அகலத்தில் உயரம் மட்டும் கூடிய 265/70-ஐ முதலில் பரிசீலியுங்கள்.

எந்த டயராக இருந்தாலும் காற்றழுத்தத்தைக் குறைக்கும் பழக்கம் லிஃப்ட்டைவிடப் பெரிய லாபம் தரும். களிப் பாதை தொடங்கும் இடத்தில் 20 முதல் 25 பிஎஸ்ஐ வரை இறக்கினால், டயர் நீளவாக்கில் படிந்து பிடி கூடும். கல்லையும் வேரையும் வளைந்து கொடுத்து ஏறும். 15-க்குக் கீழே போனால் டயர் ரிம்மிலிருந்து கழலும் அபாயம் உண்டு. தார்ச் சாலைக்குத் திரும்பியதும் கதவுச் சட்டத்து ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு ஏற்றிவிடுங்கள். அளவு மாறிய டயருக்கு எவ்வளவு காற்று என்று டயர்க் கடையில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நல்ல கம்ப்ரசரின் விலை ஒரு டயரின் விலையைத் தாண்டாது.

தூக்கும் முறைகள்

உயர்த்த நான்கு வழிகள் இருக்கின்றன. எல்லாம் ஒன்றல்ல.

ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்த்து மாற்றுவது முறையான வழி. ஸ்பிரிங் உயரத்தையும் சுமையையும் தாங்கும்; ஷாக் அந்த ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கும். ஒன்றுக்கொன்று பொருந்தும்படி ஒரே தயாரிப்பாளர் கொடுக்கும் செட் வாங்குங்கள். ஆஸ்திரேலியாவின் ஓல்ட் மேன் ஈமு, அயர்ன்மேன், தாய்லாந்தின் புரோஃபெண்டர் போன்றவை இந்த வட்டாரத்தில் பலர் அறிந்த பெயர்கள்.

காயிலுக்கு மேலே ஸ்பேசர் வைப்பது மலிவான வழி. உயரம் மட்டும் கிடைக்கும். சுமை தாங்கும் சக்தி கூடாது. பழைய ஷாக் நீளம் போதாமல் இழுபட்டுத் தட்டும். தார்ச் சாலைக்கு மட்டும், அதுவும் சின்ன அளவில் என்றால் பொறுத்துக்கொள்ளலாம்.

லீஃப் ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் இடையே கட்டை வைப்பது பின்பக்கத்துக்கு மட்டும். ஃபேக்டரி கட்டையின் மேல் இன்னொரு கட்டையை அடுக்குவதை எந்தக் காரணத்துக்காகவும் ஏற்காதீர்கள். பிரேக் அடிக்கும்போது அச்சு முறுக்கிக்கொண்டு கட்டை நழுவ வாய்ப்பிருக்கிறது.

பாடி லிஃப்ட் என்பது சட்டத்துக்கும் உடலுக்கும் நடுவே துண்டு வைத்து உடலை மட்டும் உயர்த்துவது. சட்டம் இருந்த இடத்திலேயே இருப்பதால் நடுவயிற்றின் இடைவெளி கூடாது. ஸ்டீயரிங் தண்டு, கியர் லீவர், பைப்புகள் எல்லாவற்றையும் மாற்றி அமைக்க வேண்டும். தவிர்த்துவிடுங்கள்.

எவ்வளவு உயரம் என்பதை முன் சஸ்பென்ஷன் தீர்மானிக்கும். ஹைலக்ஸ், டி-மேக்ஸ், டிரைட்டன், ரேஞ்சர் எல்லாவற்றுக்கும் முன்னால் தனித்தனி ஆர்ம்கள். உயர்த்த உயர்த்த சிவி ஜாயின்டின் கோணம் கடுமையாகும். அதன் ரப்பர் உறை விரைவில் கிழியும். பால் ஜாயின்ட் எல்லையைத் தொடும். சக்கரம் கீழே இறங்க மிச்சமிருக்கும் தூரம் குறையும். 40 முதல் 50 மி.மீ. வரை பெரும்பாலான பிக்கப்கள் தாங்கும். அதற்கு மேல் போனால் புதிய அப்பர் ஆர்ம், டிஃபரென்ஷியலைக் கீழிறக்கும் துண்டுகள் என்று செலவு தொடரும்.

ஜிம்னிக்கு முன்னும் பின்னும் முழு அச்சு. சிவி ஜாயின்ட் கோணச் சிக்கல் இல்லை. வேறு இரண்டு உண்டு. உயர்த்தியதும் முன் அச்சு சற்றே சுழன்று கேஸ்டர் கோணம் குறையும். நெடுஞ்சாலையில் ஸ்டீயரிங் நேராக நிற்காமல் அலையும். அதற்குக் கேஸ்டர் திருத்தும் புஷ் தேவை. பேன்ஹார்ட் ராடு அச்சை ஒரு பக்கமாக இழுக்கும். நீளம் மாற்றக்கூடிய ராடு தேவை. இவை இல்லாமல் விலை குறைத்துத் தரப்படும் ஜிம்னி கிட் அரைகுறை கிட்.

ஸ்பிரிங்கைச் சுமை பார்த்துத் தேர்ந்தெடுங்கள். எப்போதும் வண்டியில் இருக்கும் எடையை மட்டும் கணக்கிட வேண்டும்: பார், வின்ச், கேனப்பி, கருவிப்பெட்டி. வருடத்தில் இரண்டு முறை ஏற்றும் முகாம் சாமான் கணக்கில் வராது. 300 கிலோவுக்கான லீஃபை வெறும் வண்டியில் போட்டால் பின்பக்கம் கல்லாக இறுகி, ஈரச் சாலையில் துள்ளிப் பிடி இழக்கும்.

உயரத்தின் விலை

1997-இல் தொடங்கி மழைக்காலத்தில் நடத்தப்படும் ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் போட்டியின் படங்களைப் பார்த்து ஆசைப்படாதவர் குறைவு. அந்த வண்டிகளில் இரும்புக் கூண்டு இருக்கிறது, வின்ச் இருக்கிறது, பயிற்சி பெற்ற துணை ஓட்டுநர் இருக்கிறார். அவை போட்டிக்காகவே கட்டப்பட்டவை. நம் வண்டி திங்கட்கிழமை காலை பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட வேண்டும்.

ஓர் உதாரணக் கணக்கு. இடது வலது சக்கரங்களுக்கிடையே 1,540 மி.மீ., எடை மையம் தரையிலிருந்து 700 மி.மீ. உயரம் என்று வைத்துக்கொள்வோம். அகலத்தின் பாதியை உயரத்தால் வகுத்தால் 1.10 வரும். 50 மி.மீ. லிஃப்ட்டும் பெரிய டயரும் சேர்ந்து எடை மையத்தை 75 மி.மீ. உயர்த்தினால் அந்த எண் 0.99 ஆகும். அசையாமல் நிற்கும் வண்டி பக்கவாட்டில் கவிழும் கோணம் ஏறத்தாழ 48 டிகிரியிலிருந்து 45-ஆகக் குறைகிறது. ஓடும் வண்டி ஸ்பிரிங்கில் சாய்வதால், அதற்கு வெகு முன்பே கவிழும். மூன்று டிகிரி சிறிதாகத் தெரியலாம். அவசரமாக ஸ்டீயரிங்கை வெட்டித் திருப்பும் கணத்தில் அந்த மூன்று டிகிரி தேவைப்படும். ரூஃப் ரேக்கில் கனமான சாமான் ஏற்றுபவர் இந்த எண்ணை இன்னும் கீழே தள்ளுகிறார். கனமானதை எப்போதும் தாழ்வாக, அச்சுகளுக்கு நடுவே வையுங்கள்.

சட்டமும் காப்புறுதியும்

மலேசியாவில் வாகனத்தின் அமைப்பை 1987-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டமும், 1959-ஆம் ஆண்டின் கட்டமைப்பு மற்றும் பயன்பாட்டு விதிகளும் கட்டுப்படுத்துகின்றன. உங்கள் மாடலுக்கு எவ்வளவு உயரம், எந்த அளவு டயர் அனுமதிக்கப்படும் என்பதை வேலை தொடங்குவதற்கு முன்பே சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜே அலுவலகத்தில் கேளுங்கள். எழுத்தில் பதில் பெறுங்கள். சோதனை கேட்டால் செய்துகொண்டு அறிக்கையைக் கோப்பில் வையுங்கள். 'எல்லாரும் இப்படித்தான் ஓட்டுறாங்க' என்ற பேச்சு சாலைச் சோதனையில் காப்பாற்றாது. டயர் ஃபெண்டருக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்தால் அதிகாரியின் கண் முதலில் அங்கேதான் போகும். துருத்தும் டயர் பேரிங்கையும் தின்னும், பின்னால் வருபவர் மீது கல்லையும் வீசும்.

காப்புறுதி நிறுவனத்துக்கும் மாற்றத்தைத் தெரிவியுங்கள். விபத்துக்குப் பிறகு அவர்களே கண்டுபிடிக்கும் மாற்றம் இழப்பீட்டுக்கு இடைஞ்சலாகலாம்.

பொருத்தும் நாளில்

பட்டறைக்குப் போவதற்கு முந்தைய நாள், சமதளத்தில் வண்டியை நிறுத்தி, தொட்டியை நிரப்பி, வழக்கமான சாமானை ஏற்றி, நான்கு சக்கரங்களிலும் ஹப்பின் நடுப்புள்ளியிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை டேப்பால் அளந்து எழுதுங்கள். வேலை முடிந்ததும் மறுபடி அளந்து பாருங்கள். டயரை மாற்றினாலும் இந்த அளவு மாறாது. ஸ்பிரிங் உண்மையில் எவ்வளவு தூக்கியது என்பதை இது மட்டுமே சொல்லும். இரண்டு மாதம் கழித்து மூன்றாவது முறை அளந்தால், புது ஸ்பிரிங் எவ்வளவு படிந்தது என்பதும் தெரியும்.

பணம் கொடுப்பதற்கு முன் பட்டறையிலேயே உரசல் சோதனை செய்யுங்கள். ஒரு முன் சக்கரத்தைச் சாய்தளத்தில் ஏற்றி நிறுத்துங்கள். ஸ்டீயரிங்கை ஒரு கோடிக்குத் திருப்புங்கள். டார்ச் அடித்து மூன்று இடங்களைப் பாருங்கள்: டயருக்குப் பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் மறைப்பு, பம்பரின் உள் மூலை, சட்டத்தை ஒட்டிய உள்பக்கச் சுவர். உங்கள் விரல் நுழைய இடமில்லாவிட்டால் மண்பாதையில் கட்டாயம் உரசும். மறு கோடிக்குத் திருப்பி மீண்டும் பாருங்கள். இரு பக்கமும் செய்யுங்கள்.

பிறகு இவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டு உறுதி செய்யுங்கள்:

சக்கரம் முழுதாகக் கீழே தொங்கும்போது பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் வயரும் இழுபடாமல் தளர்வாக இருக்கின்றனவா?
சக்கரம் முழுதாக மேலே ஏறும்போது ஷாக் முட்டுவதற்கு முன் பம்ப் ஸ்டாப் முட்டுகிறதா?
அலைன்மென்ட் செய்து, முன் பின் எண்கள் அச்சடித்த தாளைக் கொடுத்தார்களா?
ஹெட்லைட்டைக் கீழிறக்கிச் சரிசெய்தார்களா? உயர்ந்த மூக்கு எதிரே வருபவரின் கண்ணைக் கூசவைக்கும்.
80, 90 வேகத்தில் புதிதாக அதிர்வு வருகிறதா? வந்தால் பின் டிரைவ் ஷாஃப்ட்டின் கோணத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.
500 கிலோமீட்டர் ஓடியபின் எல்லா போல்டுகளையும் மறுபடி முறுக்கித் தருவார்களா?

யாருக்கு எது

நகரம், பாலம், எப்போதாவது டுரியான் தோட்டம் என்று ஓட்டுபவருக்கு: ஃபேக்டரி அளவிலேயே நல்ல ஏடி டயர். லிஃப்ட் வேண்டாம். ஷாக் தேய்ந்திருந்தால் தரமானதாக மாற்றுங்கள்; வண்டி புதியதைப் போல நடக்கும்.

தோட்ட வேலைக்கு வருடம் முழுவதும் சுமை ஏற்றுபவருக்கு: அதே அகலத்தில் ஒரு படி உயர்ந்த ஏடி, சுமைக்கேற்ற ஸ்பிரிங். பிக்கப் 30 முதல் 40 மி.மீ. உயரும், சுமை ஏறியதும் சமமாக நிற்கும். குறுகலான மலைப்பாதை என்றால் ஜிம்னியே போதும், 215/75ஆர்15-ஐத் தாண்டாதீர்கள்.

மாதம்தோறும் காட்டுக்குப் போகிறவருக்கு: 265/70 அல்லது 285/70 எம்டி, 40 முதல் 50 மி.மீ. முழு செட், அலைன்மென்ட், முடிந்தால் காட்டுக்கு ஒரு செட், ஊருக்கு ஒரு செட் என்று இரண்டு செட் சக்கரம். 285-ஐ எடுத்தால் பக்கத்து உரசலையும் ஸ்பேர் இடத்தையும் இருமுறை சரிபாருங்கள்.

பணம் குறைவாக இருந்தால் செலவழிக்கும் வரிசை இது: கம்ப்ரசரும் காற்றழுத்த மானியும், முறையான இழுவைப் பட்டையும் ஷேக்கிளும், டயர், அதன்பிறகே லிஃப்ட். முதல் இரண்டையும் வாங்கி, தெரிந்தவர்களோடு இரண்டு மூன்று பயணம் போய்வாருங்கள். வண்டியின் எந்தப் பகுதி எந்தக் கல்லில் தட்டியது என்று ஒவ்வொரு முறையும் அடியில் குனிந்து பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். டிஃபரென்ஷியலில் மட்டும் கீறல் என்றால் உங்களுக்குத் தேவை டயர். பம்பரிலும் நடுவயிற்றிலும் கீறல் என்றால் லிஃப்ட் பற்றி யோசிக்கலாம். எங்கேயும் கீறல் இல்லை என்றால், லிஃப்ட்டுக்கு வைத்திருந்த பணத்தை நல்ல பிரேக் பேடுக்கும் அடுத்த பயணத்துக்கும் செலவழியுங்கள்.